அம்பாசடரின் இடது விளக்கு

...ஒரு திருகாணி, ஒரே ஒரு துருப்பிடித்த திருகாணி, அதற்கு இத்தனை அகம்பாவமா என்று காரின் முன்னால் குந்தியிருந்த இராஜாங்கத்துக்குத் தோன்றியது, இடது விளக்கைச் சுற்றிய வெள்ளி வளையத்தை அதுதான் பிடித்திருந்தது, இவரையோ ஆறு மணிக் கூட்டம் பிடித்திருந்தது... ஒரத்தநாட்டில் தலைமை தாங்க வேண்டும், தலைப்பு ‘உழுபவனுக்கே நிலம்’, ஆட்சி மாறிய மறுவாரமே கதரைக் கழற்றிவிட்டுக் கரைவேட்டி கட்டியவர், அந்தத் தலைப்பில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார், பேச்சு வரும், திருகாணிதான் வரவில்லை, ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கிக் கட்டைவிரலைக் குத்தியது. உள்ளே பல்ப் எரியாவிட்டால் போகிறது என்று கிளம்பலாம், ஆனால் திரும்பும்போது இருட்டிவிடும், ஒற்றை விளக்கைப் பார்த்து எதிரே வருகிற வண்டிக்காரன் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துப் பாதி வழிதான் விடுவான், மீதிப் பாதிக்கு இவர் வாய்க்காலில் இறங்க வேண்டியதுதான். இதெல்லாம் டிரைவர் வேலை. டிரைவர் எங்கே? வயலில் நிற்கிறான். யாருடைய வயலில்? அங்கேதான் தொண்டையில் முள் சிக்கியது.

நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் மாமியார் பேரில் ஒரு வேலி நிலம் எழுதினார், செத்துப்போன சித்தப்பா பேரில் ஒரு வேலி, அவர் சாகவில்லை என்பதற்குக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு சான்று, வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம் ஒரு வேலி டிரைவர் இளையபெருமாள் பேரில். மாமியாரிடமே வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டியவர் இளையபெருமாளிடம் வாங்கவில்லையே, ஏன்? பதினாறு வருஷமாகக் கார்க்கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து நின்றவனிடம் போய் எழுதிக்கொடு என்று கேட்பதா, கௌரவம் என்ன ஆவது... கௌரவம்! ஆவணி பிறந்ததும் அவன் கார்ச்சாவியை ஆணியில் மாட்டினான், “தரிசாக் கெடந்தா ஊரு ஒரு மாதிரி பேசுமுங்க ஐயா, சம்பா நடவப் போட்டுட்டு வந்துடுறேன்” என்று கும்பிட்டான், போனான், நட்டான், களையும் எடுத்துவிட்டான், ஆள் மட்டும் வரவில்லை.

“நீங்க ஏன் தவிக்கிறீங்க?” காபி டம்ளரோடு வந்த மனைவி நீலாம்பாள் கேட்டாள். “உழுதவருக்கே குடுத்துட்டேன்னு மேடையில ஒரு வார்த்த சொல்லுங்க. மால போடுவாங்க.”

இவளை எதிர்க்கட்சிதான் பெற்று அனுப்பியிருக்க வேண்டும், காபி வேறு ஆறிப்போயிருந்தது... “அதை அப்படியே திருப்பினா வராதுங்க ஐயா, மொதல்ல தலையில ஒரு தட்டுத் தட்டுங்க” என்று ஒரு குரல், இளையபெருமாளேதான், சேற்றைக் கழுவிய கால், வெள்ளைச் சட்டை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை. தட்டினார், திருகாணி சொன்னபடி கேட்டது, ஊரில் எல்லாமே இப்போது அவன் சொன்னபடி கேட்கிறதோ? வளையம் கழன்றது, கண்ணாடிக் கிண்ணம் கையோடு வந்தது. “பின்னால மூடிய அமுக்கி இடப்பக்கம் திருப்புங்க... இன்னும் அமுக்குங்க.” நீயே வந்து செய்யேன் என்று சொல்லலாம், சொன்னால் செய்வான், செய்தால் டிரைவர், செய்யாவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ள இவருக்குத் தைரியம் இல்லை. கடைசியில் வாய் தவறிக் கேட்டேவிட்டார். “ஐயாவே செய்யுறப்ப நான் குறுக்க கை நீட்டுனா மரியாதையா இருக்காதுங்க.” அப்பாடா, மரியாதைதான்... மரியாதைதானா?

புது பல்ப் உட்கார்ந்தது, நீலாம்பாள் சுவிட்சை இழுத்தாள், எரிந்தது, மேடையில் கிடைக்கிற கைதட்டல் ஒன்றுகூட இத்தனை குளிர்ச்சியாக இருந்ததில்லை, அந்தத் தெம்பில் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த பத்திரத்தை எடுத்தார், நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிற பத்திரம், ஒரு மாதமாகப் பையிலேயே கிடந்து வியர்வையில் ஊறியது. “ஒரு சின்னக் கையெழுத்து, இளையபெருமாள்.”

“அதுக்கென்னங்க, போட்டாப் போச்சு.” இவருக்கு உயிர் வந்தது. “நானும் கூட்டத்துக்குத்தாங்க கெளம்பினேன். ஐயா பேச்சக் கேட்டுட்டு, அப்புறமாப் போட்டுடுறேன்.”

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் கேட்டுக்கொண்டிருக்க அந்தத் தலைப்பில் எதைப் பேசுவது, உழுபவன் என்று வாயைத் திறந்தால் முதல் வரிசையில் அவன் முகம், தலைப்பை மாற்றச் சொல்லலாமா, தொண்டை கட்டிவிட்டது என்றால்... ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டி, “ஏறு” என்றார், வழியில் தோளில் கைபோட்டுப் பேசிக் காரியத்தை முடித்துவிடலாம்.

“ஐயாவுக்குச் சமதையா முன்னால உக்காருறதாங்க?” நாக்கைக் கடித்துக்கொண்ட இளையபெருமாள் பின்கதவைத் திறந்து ஏறினான், நடுவில் உட்கார்ந்து, கதவை மெதுவாகச் சாத்தினான்.

கார் தெருமுனை தாண்டியது. டீக்கடையில் நின்ற நாலு பேர் வழக்கப்படி பின் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள், கும்பிட்ட கை அப்படியே நின்றது. இராஜாங்கம் கண்ணாடியில் பார்த்தார், அவன் கைகட்டி அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தான், கைகட்டினால் அடக்கம்தானே, ஆனால் பதினாறு வருஷம் இவரும் அதே இடத்தில் அப்படியேதான் கைகட்டி உட்கார்ந்திருந்தார், அப்போது அதற்குப் பேர் அடக்கம் இல்லையே...