மாப்பிள்ளைக்குத் தீனி

சின்னவள் என் பிரஷ்ஷை எடுத்து, என் கண் முன்னாலேயே, என் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போனில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க சார், அதுவரைக்கும் உப்புத்தண்ணியில கொப்பளிங்க" என்று வாய் அது பாட்டுக்குச் சொல்கிறது. கண் முழுக்க அவள் கையில்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பற்றி எரிந்தது.

எங்கள் பல் ஆஸ்பத்திரியில், வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில், சுவரோடு ஒட்டி ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே மூன்று பாறைகள், ஒரே ஒரு மீன். பாறை என்றால் சும்மா கல் இல்லை, லைவ் ராக். கடலிலிருந்து வந்தது. அதன் ஓட்டை உடைசலில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் குடியிருந்து தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். அதனால் குழாய்த்தண்ணீரில் காட்டக்கூடாது, குளோரின் பட்டால் அத்தனையும் செத்துவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு டப்பில் எடுத்து, அதில் பாறையை வைத்து, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும். பல் ஆஸ்பத்திரியில் டூத் பிரஷ்ஷுக்கா பஞ்சம்? கம்பெனிக்காரர்கள் சாம்பிள் என்று கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்காக அந்த வேலையை நான்தான் செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நான்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு எந்நேரமும் ஜம்மென்று இருக்கும். ஒரு வேலை கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, கொஞ்சம் தாமதமானால் முறைப்பு. வேறென்ன பெயர் வைப்பதாம்? காலையில் நான் வந்து விளக்கைப் போட்டதும் கண்ணாடியில் வந்து மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். வீட்டில் இருக்கும் மனுஷன், நான் வந்தால் டிவியிலிருந்து தலையைக்கூடத் திருப்புவதில்லை.

அப்புறம்தான் சின்னவள் வந்தாள், டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகள் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு. என்னை எல்லோரும் அக்கா என்பதால் அவள் சின்னவள் ஆனாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. அதுதான் பிரச்சினையே. கொஞ்ச நாளிலேயே டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். ஒருநாள் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"உனக்கு போனு, பில்லுன்னு ஆயிரம் வேலை. தொட்டிய இனிமே சின்னவ பாத்துக்கட்டும்மா. அவளுக்கு ரொம்ப மெதுவான கை."

மெதுவான கையாம். என் கை என்ன உலக்கையா? "சரிங்க டாக்டர்" என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு. அன்றைக்குப் பில் போடும்போது ஒருவருக்கு மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன்.

பாறையும் பிரஷ்ஷும் போகட்டும், மாப்பிள்ளை என்னை மறந்துவிட்டால்? அதுதான் தாங்கவில்லை. கூடத்தைத் திறப்பது நான், எல்லோருக்கும் முன்னால் வருவதும் நான். சின்னவள் வருவதற்குள் தீனி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட ஆரம்பித்தேன். ஒரு சிட்டிகைதான். அது ஓடிவந்து தின்னும்போது அந்த நாள் முழுக்கத் தெம்பாக இருக்கும்.

பாசி வந்தது. முதலில் பாறையின் ஓரத்தில் லேசாகப் பச்சை கட்டியது, பிறகு முடி மாதிரி நீளநீளமாக வளர்ந்து தண்ணீரில் ஆடியது. அவள் தேய்க்கத் தேய்க்க அது முளைத்தது. வேர்த்து விறுவிறுத்துத் தேய்ப்பாள், ரெண்டே நாளில் பழைய குருடி கதைதான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பல் வலியோடு வந்த ஒரு பெரியவர், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, உங்க தொட்டிக்கு முடி வெட்ட ஆளில்லையா?" என்று கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்து ஏறினார். "பல்லு சுத்தம் பண்ற இடம் இது. உள்ள வந்ததும் இப்படிப் பச்சையா தெரிஞ்சா யாரு வாயைத் திறப்பா? இந்த வாரமும் இப்படியே இருந்தா, தொட்டி வித்த கடைக்காரரை வரச் சொல்லி மீனோட தொட்டிய அனுப்பிடுவேன்."

மீனோடு. திட்டு வாங்கியது அவள், போகப்போவது என் மாப்பிள்ளை.

கடைசி ஆள் போனதும் உள்ளே போனேன். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் அறையில் சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"தீனி மிஞ்சினாத்தான் அக்கா பாசி வரும்னு கடைக்காரர் சொல்றாரு. நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடறேன். அதுவும் எண்ணி எண்ணி. எங்கேருந்துதான் வருதோ, எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும் போல."

பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். தொட்டி போய்விடும் என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது.

"நான்தான்டி போடறேன். காலையில."

அவள் திரும்பினாள். "ஏன்க்கா?"

"அது என்னை மறந்துடக்கூடாதுல்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். "எவ்வளவு போடுவீங்க?"

"ஒரு சிட்டிகை."

"அதுக்கு இவ்வளவு வராதேக்கா."

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று ரெண்டு பேருமாகக் கூடத்துக்கு வந்தோம். தொட்டி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பின கோலத்தில் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். கையில் தீனி டப்பா.

"சாப்பிடு ராஜா. அந்தப் பொண்ணு உன்னைப் பட்டினியில்ல போடறா. சாப்பிடு."

நிமிர்ந்தவர் எங்களைப் பார்த்ததும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முப்பத்திரண்டு பல்லையும் பயப்படாமல் பிடுங்குகிற மனுஷி, முகத்தில் ஈயாடவில்லை.

"அது என்னைப் பாத்தா ஓடி வருதும்மா," என்றார் மெல்ல. "வேற யார்கிட்டயும் அப்படி வராது."

ராஜாவாம்! என் மாப்பிள்ளை அவருக்கு ராஜாவாம். அந்த நிமிஷத்தில் சின்னவள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் டாக்டர் மேல் போனது, அப்புறம் மீன் மேலேயே போனது. எத்தனை பேரிடம் மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியிருக்கிறது, திருட்டுப் பயல்!

சின்னவள் டாக்டர் கையிலிருந்தே டப்பாவை வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இனிமே நான் மட்டும்தான் போடுவேன் டாக்டர். அக்கா, உங்களுக்கும்தான் சொல்றேன்." டாக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். தொட்டி தப்பித்தது.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து முழுச் சுத்தம் செய்தோம். "நீங்களும் வாங்கக்கா" என்று அவளே கூப்பிட்டாள். டப்பில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பெரிய பாறையை அதில் வைத்து நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பிரஷ்ஷுக்கு அடங்கவில்லை பாசி. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஸ்கேலரை எடுத்தேன், பல்லில் காறை சுரண்டுவோமே, அந்தக் கொக்கி. அதற்குப் பாசி நன்றாகக் கேட்டது.

சின்னவள் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு மோட்டாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். எப்போதும் ஒதுங்குகிற பெரிய பாறை போனதால் மாப்பிள்ளை அங்குமிங்கும் அலைந்தது. இன்றைக்கு அதற்குத் தீனி போடும் நாள்கூட இல்லை, அவள் கையில் ஒன்றுமில்லை. அது வந்து அவள் விரல்களை ஒருமுறை முகர்ந்தது. பிறகு அவள் உள்ளங்கைக் குழிவுக்குள் இறங்கி, உடம்பைச் சாய்த்து, அங்கேயே படுத்துக்கொண்டது.

நான் சுரண்டினேன். பச்சை போன பிறகும் சுரண்டினேன்.

"அக்கா, மெதுவா. அது பாசி இல்ல."

டப்பு முழுக்க ஊதாத் துணுக்குகள். பாறையின் உயிருள்ள தோல் அது. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படர்ந்து பிடிப்பது. நேற்று வந்தவளுக்கே தெரிகிறது, எனக்குத் தெரியாதா?

சின்னவள் என்னைத் தடுக்க ஒரு கையை நீட்டினாள். தண்ணீருக்குள் இருந்த கையை மட்டும் அசைக்கவில்லை. அசைத்தால் அது எழுந்துவிடும். டப்பில் ஊதாத் துணுக்குகள் மெல்லச் சுற்றிவந்து என் மணிக்கட்டில் ஒட்டின, அடியில் பாறை பல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.