பத்து கிராம் ஈயம்

அண்ணிக்குத் தொழில் பல் செட் செய்வது. காலையெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் கட்டுவாள். மதியம் கை கழுவியதும் அதே மேசையில் ஒரு சாண் நீளப் போர் விமானம் கட்டுவாள்.

போன வருஷம் மாடல் போட்டியன்று அவளுக்குக் காய்ச்சல். "நான் கொண்டு போய் வைக்கிறேன் அண்ணி," என்று கொழுந்தன் வாங்கிப் போனான். முதல் பரிசுக் கோப்பையோடு திரும்பினான். செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.

"யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. சட்டுனு வாயில வந்துடுச்சு," என்றான்.

"விடு, அவன் என்ன வெளியாளா?" என்றான் புருஷன்.

கோப்பை போய் உட்கார்ந்தது கொழுந்தன் வீட்டு ஷோகேஸில். அண்ணி சண்டை போடவில்லை. ஒரு வருஷம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவனே வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். "இன்னொண்ணு செஞ்சு கொடுங்க அண்ணி. என் மானத்தைக் காப்பாத்துங்க."

"அதுக்கென்ன, தாராளமா," என்றாள்.

விமானிக்கு ஈயத்தாளில் இருக்கை வார் வெட்டி ஒட்டினாள். அடுத்து உடலின் இரண்டு பாதிகளையும் மூட வேண்டும். முன்சக்கரம் வைத்த விமானத்துக்குப் பின்பாரம் அதிகம். மூடும் முன் மூக்குக்குள் பத்து கிராம் ஈயம் வைக்காவிட்டால் வால் தரையில் குந்திவிடும். அவள் ஈயத்தை எடை போட்டாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். தன் வேலையைத் தானே கெடுக்க வயிறு எரிந்தது. அவன் முகம் ஞாபகம் வந்ததும் ஈயத்தை டப்பாவில் போட்டுவிட்டு, பசை தடவி மூடினாள்.

அப்புறம் ஒரு குறை வைக்கவில்லை. மூன்று பூச்சு சாம்பல் வண்ணம் அடித்தாள். தகட்டு இடுக்குகளில் கறுப்பு மை ஓட விட்டாள். புகைபோக்கியில் கரி படிய வைத்தாள். பல் செட் மெழுகில் ஒரு சொட்டு விட்டு முன்சக்கரத்தைக் காட்சிப் பலகையோடு ஒட்டினாள். விமானம் சாதுவாக நின்றது.

போட்டிக்கு அவளும் கூடப் போனாள். நடுவர் டார்ச் அடித்து இண்டு இடுக்கெல்லாம் பார்த்துத் தலையாட்டினார். கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அடிப்பக்கம் பார்க்கணும். எடுத்து இந்தக் கண்ணாடி மேல நிறுத்துங்க."

அவன் பெயர்த்து வைத்தான். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. அழுத்தி நிறுத்தினான். மறுபடி உட்கார்ந்தது.

"மூக்குல எவ்வளவு வச்சீங்க?" என்றார் நடுவர்.

"மூக்குலயா?" கொழுந்தன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அவன் முகம் சுண்டிப்போனது. சுற்றுமுற்றும் பார்த்து அவளைக் கண்டுபிடித்துக் கை நீட்டினான். "நான் செய்யல சார். எல்லாம் எங்க அண்ணி செஞ்சது. அவங்கதான் சொதப்பிட்டாங்க."

அவன் அவமானப்பட்டால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். உண்மையை அவன் வாயாலேயே கக்குவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"ஆமா சார், நான்தான் செஞ்சேன். போன வருஷம் இவர் பரிசு வாங்கின விமானமும் நான் செஞ்சதுதான்."

நடுவர் விமானத்தையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு நுணுக்கமா செஞ்சவங்க, ஈயம் வைக்க எப்படிம்மா மறந்தீங்க?"

"மறக்கல சார்," என்றாள் அண்ணி, கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே.