பெட்டி மூடுவதற்கு முன்

வேரோனிக்கா, நிரோமியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிச் சவப்பெட்டிக்கு மேலே சாய்த்தபோது, குழந்தையின் கால்கள் அந்தரத்தில் விறைத்து நின்றன.

"பெரியப்பாவைக் கொஞ்சு ராசாத்தி. நெத்தியில ஒருக்கா. பிறகு பாக்கேலாது."

நிரோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறுதி முத்தத்துக்கான வரிசை பின்னால் தேங்கிற்று. இறுதிச்சடங்குகள் நடத்தும் மலர்ச்சாலையின் ஊழியர், நரைத்த தலையுடைய வெள்ளைக்காரர், மூடியருகே கைகட்டிக் காத்திருந்தார். பெட்டியை மூடியதும் கோயிலில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். உள்ளே எட்வேட் சாம்பல்நிறக் கோட்டுடன் கிடந்தார். அந்த வாய் மூடியிருப்பதை நிரோமியின் தாய் அனோஜா இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள்.

எட்வேட் அவளுடைய கணவன் டெனிஸ்டனின் மூத்த அண்ணன். அவர்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தவர். வோபர்னில் தாம் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ரில் இடமும் கொடுத்தவர். கறியில் உப்புக் குறைந்தாலும், நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி மணி ஒலித்தாலும் அவர் குரல் வீட்டை நிறைக்கும். கீழே நிரோமி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மேலே அவருடைய மனைவி மக்டலீன் பதில் சொல்லி எவரும் கேட்டதில்லை. சமூகக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் படிக்கப்போவதாக அனோஜா சொன்ன அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிள்ளை பாக்கிறதுக்கும் ஒரு கொலிஜோ? எங்கட அம்மா எட்டுப் பெத்து வளத்தவ. அவவுக்கு ஆர் டிப்ளோமா குடுத்தது?"

ஆனால் முதற்பரீட்சையன்று பனி கொட்டி பஸ்கள் நின்றுபோனபோது அவளைக் காரில் ஏற்றிச் சென்றவரும் அவர்தான். வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார். இவ்விரண்டையும் ஒரே மனிதருக்குள் பொருத்திப் பார்க்க அவளால் ஒருபோதும் இயன்றதில்லை. மாரடைப்பில் அவர் இறந்த செய்தி வந்த இரவு அவள் அயர்ந்து உறங்கினாள். விடிந்ததும் அந்த உறக்கத்தை நினைத்துக் கூசினாள்.

"மச்சாள், அவளைக் கீழ விடுங்கோ."

"என்ன?"

"அவளுக்கு விருப்பமில்லை."

வேரோனிக்கா இறந்தவரின் தமக்கை. மிசிசாகாவிலிருந்து வந்திறங்கிய கணத்திலிருந்து சாவீட்டின் சகல காரியங்களையும் அவளே நடத்திக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வயசுக்கு என்னடி விருப்பம்? கூப்பிட்டு இருக்க இடம் தந்த மனுசன். அவருக்கு ஒரு கொஞ்சல் குடுக்க ஏலாதோ? டெனிஸ்டன், நீயாவது சொல்லடா."

டெனிஸ்டன் கம்பளத்தைப் பார்த்தான்.

"உது கொலிஜில சொல்லிக் குடுத்ததோ?"

"ஓம் மச்சாள். அங்கதான் சொல்லித் தந்தவை."

அது பொய்யல்ல. விரிவுரையாளர் கிளடிஸ், ஜமெய்க்காவிலிருந்து வந்தவர், ஒருநாள் வகுப்பு முழுவதையும் முழந்தாளிட வைத்தார். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கவேண்டும், கேட்கவேண்டும், விடை வரும்வரை வாய்திறக்கக்கூடாது. கேட்பது எல்லோருக்கும் எளிதாயிருந்தது. காத்திருப்பதில்தான் தோற்றார்கள்.

அனோஜா மகளை வாங்கித் தரையில் நிறுத்தி, சேலையின் கொய்யக மடிப்புகள் குலைய முழந்தாளிட்டாள்.

"நிரோமி, பெரியப்பாவைக் கொஞ்ச விருப்பமோ, இல்லையோ? ரெண்டும் சரி."

வேரோனிக்கா உரக்கப் பெருமூச்செறிந்தாள். வரிசையில் எவரோ செருமினார். அனோஜா காத்திருந்தாள். இப்போது குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இனி எந்த மேசைக்கடியிலிருந்தும் அவளை வெளியே வா என்று அழைக்கும் உரிமை தனக்கு இராது என்று பட்டது.

"அவர் எழும்பிக் கத்துவாரோ?"

நிரோமி இரகசியமாகத்தான் கேட்டாள். ஆயினும் முன்வரிசை நாற்காலிகள்வரை அது கேட்டது.

"இல்லை. பெரியப்பா செத்துப்போனார். செத்தவைக்கு எழும்ப ஏலாது. கத்தவும் ஏலாது."

மோசம்போனார் என்றும் ஆண்டவரிடம் போய்விட்டார் என்றுமே அதுவரை பேசிக்கொண்டிருந்த மண்டபத்தில் அந்தச் சொல்லுக்குத் தலைகள் திரும்பின.

"ஐயோ, பிள்ளைக்குச் சொல்லுற கதையே இது?" என்றாள் வேரோனிக்கா.

"ஃபொரெவர்?" என்றாள் நிரோமி.

"ஓம். ஃபொரெவர்."

குழந்தையின் தோள்கள் தளர்ந்து இறங்கின. அவள் கொஞ்சவில்லை. பள்ளிக்கூட வாசலில் செய்வதுபோலக் கையை அசைத்து, "பாய் பெரியப்பா," என்றாள். பின்னால் ஒருவர் தம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கொஞ்சி விலகினார்கள். கடைசியாக எஞ்சியவள் மக்டலீன். வேரோனிக்கா அவளைத் தோளணைத்து அழைத்துவந்தாள்.

"கொஞ்சு மக்டலீன். அடக்கி வைக்காதை, வாய்விட்டு அழு."

கைக்குட்டைகள் ஆயத்தமாயின. ஊருக்கு அனுப்புவதற்காகப் படம்பிடித்துக்கொண்டிருந்த வீடியோக்காரர் விளக்கை உயர்த்திப் பிடித்தார். மக்டலீன் குனியவில்லை. கணவரின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அனோஜாவைப் பார்த்தாள்.

அனோஜா எதுவும் சொல்லவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. மக்டலீனின் விடைக்காக நின்றாள்.

மக்டலீன் கையை நீட்டி, அவர் விரல்களிலிருந்து சரிந்திருந்த செபமாலையைச் சீராக்கினாள். பின்னர் ஊழியர் பக்கம் திரும்பினாள்.

"மூடுங்கோ."

ஒரு சொல் தமிழும் அறியாத அந்த மனிதருக்கு அது விளங்கிற்று. வேரோனிக்கா வாயைத் திறந்தாள்; ஆனால் மூடி அதற்குள் இறங்கிவிட்டது.

கோயிலுக்குப் போகும் வழியில், எல்ஸ்மியர் வீதியோரம் பங்குனி மாதத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. டெனிஸ்டன் காரைச் செலுத்தினான். அவனருகில் இருந்த மக்டலீன் யன்னற் கண்ணாடியை அடிவரை இறக்கினாள். காற்று புகுந்து அவளுடைய முக்காட்டைத் தோளில் தள்ளிற்று. அவள் அதைத் திரும்ப இழுத்துப் போடவில்லை. பின்னிருக்கையில் அனோஜா நிரோமியின் மேற்சட்டையைக் கழுத்துவரை பூட்டிவிட்டாள். டெனிஸ்டன் ஒருமுறை அண்ணியின் பக்கம் பார்த்தான். பிறகு கைநீட்டி ஹீட்டரைக் கூட்டினான்.