காடித் தொட்டியில் ஒரு சிப்பி

அன்று மழை பெய்ததா, தொட்டியில் குமிழிகள் வெடித்த சத்தத்தைத்தான் மழை என்று நினைத்துக்கொண்டாளா என்று இளையவளுக்கு இப்போதும் நிச்சயமில்லை. பட்டறைக் கதவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது மட்டும் மறக்கவில்லை.

அக்காவும் தங்கையும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன பெரிய பல்லிகள் மூத்தவளின் படிப்பு, சுருள்சிப்பிகள் இளையவளுடையது. எந்தச் சிப்பி எந்தக் காலத்துக் கடலில் இருந்தது என்பது அவளுக்கு அத்துப்படி. அதை வைத்தே கல்லுக்கு வயது சொல்லிவிடுவாள்.

ஒரு பல்லி இனம் பூண்டோடு அழிந்ததாக எல்லோரும் நம்பிய காலத்துக்குப் பிறகும் அதில் ஒன்று உயிரோடு இருந்தது, பட்டறையில் இருந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடப்பது அதுதான் என்று மூத்தவள் கட்டுரை எழுதியிருந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் நாற்காலி இனி அவளுக்குத்தான் என்று பேச்சு. முந்தின நாள் மாலை, அதன் விலா எலும்பு இடுக்கில் நகத்தளவு சிப்பி ஒன்று எட்டிப்பார்ப்பதை இளையவள் கண்டாள். "காலையில பார்த்து வயசு சொல்லிடறேன்க்கா" என்று போனாள்.

காலையில் கல் தொட்டிக்குள் கிடந்தது. காடி அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும், எலும்பை விட்டுவிடும். சிப்பியை விடாது. வெளியே தெரிந்த எலும்புக்கெல்லாம் அக்கா பார்த்துப் பார்த்துக் காப்புப் பசை பூசியிருந்தாள். சிப்பிக்குப் பூசவில்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்க?"

"வாடி சிப்பி. வேலை தள்ளிக்கிட்டே போச்சு, இறக்கிட்டேன்." தங்கையை அக்கா சிப்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"தூக்கணும். சங்கிலியை அந்தப் பக்கம் பிடி."

ஒற்றை ஆள் தூக்கும் கல் இல்லை அது. மூத்தவள் முக்காலியை விட்டு அசையவில்லை.

"நகத்தளவு சனியன். என் இருபது வருஷத்தை அது முழுங்கணுமா?"

"உன் பக்கம் பேசுமோ என்னவோ."

"அப்படி நினைச்சிருந்தா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்திருப்பியா?"

இளையவள் வெறுங்கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, விலா எலும்பு வழியே தடவிப்போனாள். தட்டுப்பட்டது. விளிம்பு மாவாகியிருந்தது, வரிகள் இன்னும் மழுங்கவில்லை. இரண்டிரண்டாகப் பிரியும் வரிகள், முதுகில் ஒரு பள்ளம். விரல் நுனிக்குப் புரிந்துவிட்டது. பழைய சிப்பி. அந்தப் பல்லிகள் கூட்டம் கூட்டமாக நீந்திய காலத்தது, அக்கா சொன்ன காலத்துக்கு முந்தையது. லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

"இருக்கா?"

அக்காவின் குரல் அவ்வளவு சிறியதாக இருந்து அவள் கேட்டதில்லை. சிப்பியைப் பிடித்திருந்த விரல்களை இளையவள் தளர்த்தினாள்.

"இல்லக்கா. கரைஞ்சுபோச்சு."

சொன்னது உண்மையாகும்வரை அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

மூத்தவள் தலைவரானாள். பல்லி அவள் சொன்ன வயதோடு முன்கூடத்துக் கண்ணாடிக்குள் கிடக்கிறது. அந்த வயதை நம்பி வேறு சிலர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்கள். இளையவள் இன்னொரு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய் வகுப்பு எடுக்கிறாள், சிப்பிகளைத் தொடுவதில்லை. அக்கா கூப்பிட்டால் எடுப்பாள். அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.