மெத்தை விளம்பரத்தால் திரும்பி வந்தவர்

இறந்து ஏழு வாரமான அப்பா ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தார். காரணம், ஒரு மெத்தை விளம்பரம்.

மகன் நாளிதழ் ஒன்றில் நிருபர். வியாழன் இணைப்புக்கு விஷயம் கிடைக்காமல் திண்டாடிய ஆசிரியர், "உங்கப்பா இப்பத்தானே போனாரு? நீயே எழுதேன். படிக்கிறவன் அழுதே ஆகணும்," என்றார். அப்பா எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி. வீட்டிலும் அதே முகம்தான், சிரிப்பைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பார். அதை எழுதினால் எவன் அழுவான்? எனவே கட்டுரையில் அவர் மனைவிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், மகனுக்கு மழையில் குடை பிடித்தார். கடைசிப் பத்தியில், மருத்துவமனைக் கட்டிலில் மகனின் கையைப் பிடித்து, "உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குடா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். உண்மையில் அந்த நேரத்தில் மகன் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தக் கட்டுரையையும் எழுதினான் என்பதை அவன் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

கடைசி நிமிடத்தில் மெத்தை விளம்பரம் வந்து சேர்ந்தது. இடம் போதாவிட்டால் கட்டுரையைக் கீழிருந்து வெட்டுவது பத்திரிகைக்காரர்களின் பழக்கம். பக்கம் போடுபவர் படித்துப் பார்க்காமல் வெட்டினார். கட்டுரை "அப்பா என் கையைப் பிடித்து" என்பதோடு நின்றது. சாவு அச்சாகவில்லை. அச்சில் சாகாத மனிதர் வேறென்ன செய்வார், வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல இந்த மனுஷன் ஒரு தடவ உரிச்சுக் குடுத்திருப்பாரா? பொய்யின்னாலும் நல்லாத்தான்டா எழுதியிருக்க," என்று அம்மா அவர் உரித்துக் கொடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

மகனுக்குத்தான் மனசு ஆறவில்லை. தினமும் காலையில் அப்பா அவன் கையைப் பிடிப்பார், வாயைத் திறப்பார், அப்படியே நின்றுவிடுவார். இதற்குள் "முடிவு எங்கே?" என்று நாற்பது கடிதங்கள் வந்துவிட்டன. விட்டுப்போன பத்தியைக் கொண்டுவா, இந்த வாரம் போட்டுவிடலாம் என்றார் ஆசிரியர். போட்டால் அப்பா அந்த வரியைச் சொல்வார். சொன்ன கையோடு கண்ணையும் மூடுவார். மகன் அந்தப் பத்தி இருந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரைநாள் திரிந்தான். ஒரே ஒரு தடவை அவர் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. பிறகு கணினியில் இருந்ததை அழித்தான், தாளைச் சுக்குநூறாகக் கிழித்தான், "தொலைஞ்சு போச்சு சார்," என்றான். ஆசிரியர் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்குத் தலையணை விளம்பரம் தயாராக இருந்தது.

"இன்னைக்கும் சொல்லலம்மா."

"விடுடா. உசுரோட இருந்தப்ப மட்டும் எந்தப் பேச்ச முடிச்சாரு?"

இப்போதெல்லாம் மகன் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போகிறான். அப்பாவாக விடும்வரை அவன் கையை இழுத்துக்கொள்வதில்லை. வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் "அப்பா" என்று எழுதுகிறான். அதன் பக்கத்திலேயே மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.