ஆட்சேபணை அண்ணன்

அன்று கல்யாண ஓலையின் மூன்றாவது வாசிப்பு. ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தாள். பின்னே, வாசிக்கப்போவது அவளுடைய ஓலை அல்லவா! மூன்று ஞாயிறு சபைமுன் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். நாற்பதைத் தாண்டி வந்த யோகம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, இந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரிதான். எல்லாம் சரி, முதல் பெஞ்சில் அவளுடைய அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, அங்கேதான் வம்பு.

அண்ணனுக்குச் சபையில் 'ஆட்சேபணை' என்றே பெயர். பூச்சாடி வாங்கப்போகிறோம் என்றாலும் எழுந்து நிற்பார், வாங்கவில்லை என்றாலும் எழுந்து நிற்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சபை இரண்டாக உடைந்ததும் அவர் எழுந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். போதகர் திருவிருந்தின்போது சனங்களைப் பார்த்து மேற்கே திரும்பி நிற்பதா, பழைய ஆங்கிலிக்கன் முறைப்படி கிழக்கே பார்த்து நிற்பதா? இதற்குப் போய் அடிதடி! கிழக்குச் சபை அண்ணன் பின்னால் போய் ஒரு சரக்குக் கிடங்கில் ஆராதனை நடத்தியது. மேற்குச் சபை ஆலயத்திலேயே தங்கியது. கூரையை மட்டும் யாரும் தொடவில்லை. "அவங்க வந்து மாத்தட்டும்" என்றார்கள் இவர்கள், "இருக்கறவங்க மாத்தட்டும்" என்றார்கள் அவர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்; இங்கே கொண்டாடியது கரையான்.

ஒரு மழைநாளில் கூரை மொத்தமாக இறங்கியது. இரண்டு கூட்டமும் தலைதெறிக்க ஓடிவந்து, புழுதியில் ஆள் அடையாளம் தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. பேராயர் வந்து பார்த்தார். "பீடத்தைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் நிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் விஷயம், இரண்டு சபையும் ஒன்றாகிவிட்டது! இந்த யோசனைக்கா இத்தனை வருஷம்?

மேஸ்திரி மேற்குக்காரர், டீச்சர் கிழக்குக்காரி. அவர் சுவர் எழுப்ப, அவள் எலி கடித்த ஆர்கனைச் சரிபார்க்க, பேச்சு வளர்ந்துவிட்டது. ஆனால் அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "அப்பா ஸ்தானத்துல இருந்து என்னை வளர்த்தவர். அண்ணன் வாயால சரின்னு வராம நான் பீடத்துக்கு வரமாட்டேன்." அண்ணனோ வாயே திறக்கவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் முதுகுவலி என்று வீட்டிலேயே கிடந்தார். இன்றைக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

தலைக்குமேலே நீலத் தார்ப்பாய் படபடத்தது. போதகர் தொண்டையைச் செருமினார்.

"மேற்குச் சபையைச் சேர்ந்த நம் மேஸ்திரியும், கிழக்குச் சபையைச் சேர்ந்த நம் டீச்சரும் விவாகம் செய்ய இருக்கிறபடியால், தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள். இது மூன்றாம் வாசிப்பு."

முதல் பெஞ்சு கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஆட்சேபணை இருக்கு!"

டீச்சரின் இரண்டு முழங்கையும் ஆர்கன் கட்டைகளில் விழுந்தன. 'ப்பாஆங்' என்று அது அலறியதில் தார்ப்பாய் மேலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. மேஸ்திரி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்ன தடை?" என்றார் போதகர், வியர்த்துப்போய்.

"போன ரெண்டு வாரமும் இப்படியேதான் வாசிச்சீங்களா, ஐயா?"

"ஆமா."

"மேற்குச் சபை, கிழக்குச் சபைன்னு?"

"பழக்கதோஷத்துல..."

"அப்படி ரெண்டு சபை எங்கய்யா இருக்கு? இருந்தா காட்டுங்க! ரெண்டு பேரும் இந்தச் சபை. ஒரே சபை! இல்லாத சபை பேர்ல வாசிச்ச ஓலை செல்லாது. மூணும் செல்லாது. முதல்லேர்ந்து வாசிங்க!"

உடைத்தவர் வாயாலேயே 'ஒரே சபை'! எங்கோ ஒரு கிழவர் கெக்கலித்தார், அது பெஞ்சுக்குப் பெஞ்சு தாவி, ஆலயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. போதகர் அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு ஞாயிறு காத்திருக்கணுமா?" என்று மேஸ்திரி பரிதாபமாகக் கேட்டார்.

"ஏன், கூரையில்லாம கட்டிக்கப் போறியா? அதுக்குள்ள ஓடு போட்டு முடி. நானும் ஏறி எடுத்துக் கொடுக்கறேன்."

"முதுகுவலின்னு சொன்னீங்களே, அண்ணா!" என்று ஆர்கனிலிருந்து குரல் வந்தது.

"நீ வாசிக்கற வேலையைப் பாரு!"

போதகர் மறுபடி ஆரம்பித்தார். "இந்தச் சபையைச் சேர்ந்த மேஸ்திரியும், இந்தச் சபையைச் சேர்ந்த டீச்சரும்... தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள். இது முதலாம் வாசிப்பு."

அத்தனை தலையும் முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன்யா பாக்கறீங்க?" என்று அண்ணன் சீறினார். எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் ஆர்கன் பக்கம் திருப்பினார். கண் கலங்கியிருந்தது.

"சரிம்மா," என்றார். "எனக்குச் சரி."