கூடத்துக்கு வந்த சிலிண்டர்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜனார்தன் மறைக்கப் பார்த்தது ஆக்ஸிஜன் சிலிண்டரை.

அவன் அப்பா கோபு, ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் மடப்பள்ளியில் ஆயுசெல்லாம் தளிகை பண்ணியவர். விறகுப் புகை நெஞ்சில் ஏறிக் குடியிருந்துவிட்டது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடியில், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய சிலிண்டராகவே எடுங்கள் என்று காஞ்சிபுரம் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைக்காரர் சுப்பராயன் எல்லாவற்றையும் காட்டினார். "இந்த மிஷினு ஃபாரின் சரக்கு சாமி. காத்துலேர்ந்தே ஆக்ஸிஜன் எடுத்துக் குடுக்கும். கரண்டு போச்சுன்னா அம்போதான். பெரிய சிலிண்டரு நாள் கணக்கா வரும். இந்தச் சின்னது ஆஸ்பத்திரிக்குப் போவ வர தூக்கிகினு போலாம். வூட்டுக்குப் பத்தாது."

ஜனார்தன் சின்னதைத்தான் எடுத்தான். தங்கை பூமாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஏற்கெனவே ஓர் இடம், அப்பாவின் இருமலைக் கேட்டு டி.பி.யோ என்று சந்தேகப்பட்டு நழுவிப்போயிருந்தது. ஆள் உயரச் சிலிண்டர் கூடத்தில் நின்றால் சன்னிதித் தெருவே வாய் மூடாது. சின்னதென்றால் பீரோவுக்குப் பின்னால் அடங்கும். கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருப்பவனுக்கு எதை எங்கே வைத்தால் கண்ணில் படாது என்று தெரியாதா!

"பக்கத்துல நெருப்பே ஆவாது சாமி, வெளக்குகூட" என்று சுப்பராயன் எச்சரித்ததற்குத் தலையாட்டிவிட்டு, சாக்கைச் சுற்றி, தெருவில் முகம் தெரியாத வேளையாகப் பார்த்து ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தான். காலியானபோதெல்லாம் அப்படியே போய் நிரப்பிக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வாங்கியவன் திருட்டுச் சாமான் கொண்டு வருகிறவனைப் போல வந்தான்.

ஆவணியில் வாலாஜாபாத்திலிருந்து ராஜாமணி என்பவர் தம் பையனுக்காகக் குடும்பத்தோடு பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நல்ல இடம். பூமாவுக்கும் பையன் போட்டோ பிடித்திருந்தது. ஜனார்தனுக்குப் பீரோவின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. வருகிற பெண்டுகள் கண்ணில் ஊசி தப்பினாலும் சிலிண்டர் தப்பாது. யோசித்து யோசித்து, அதைப் பூஜை அறையில், பெருமாள் உள்ளில் வைத்தான். குளிக்காமல் யாரும் அதற்குள் நுழைவதில்லை. பஸ்ஸும் காரும் ஏறி வந்தவர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேலே அப்பாவின் பட்டு வேஷ்டியையும் போர்த்திவிட்டான். சமையலறையில் சொஜ்ஜி கிளறிக்கொண்டிருந்த பூமாவிடம் சொல்லவில்லை.

"நான் பேசாம உக்காந்துக்கறேன்டா," என்றார் கோபு. "சும்மா... தலையை ஆட்டிண்டு."

அவர்கள் வருவதற்குள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும் என்று அப்பாவைப் பெருமாள் உள்ளில் உட்கார்த்தி, குழாயை மூக்கில் வைத்துத் திறந்துவிட்டான். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. குழாயைப் பிடுங்கி, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கூடத்து நாற்காலியில் உட்கார்த்தி, கதவைச் சாத்தினான். சிலிண்டரை மூடவில்லை என்பது, ராஜாமணி சொஜ்ஜியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. எழுந்து போனால் எல்லார் கண்ணும் பின்னாலேயே வரும் என்று உட்கார்ந்தே இருந்தான்.

கோபு சொன்னபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உதடு மெல்ல நீலம் பாரித்தது. "ரொம்ப அடக்கமானவர் போலிருக்கு," என்றார் ராஜாமணி. ஜனார்தன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

பொழுது சாய்ந்தது. பையனின் அம்மா, "விளக்கு ஏத்தற நேரமாச்சே. ஏத்திட்டு வந்து எல்லாரையும் சேவிச்சுக்கோம்மா," என்றாள். பெண் விளக்கேற்றுகிற அழகைப் பார்க்க அவளுக்கு ஆசை. பூமா தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

உஸ்ஸென்ற சத்தம் கூடத்துக்கே கேட்டது. ஜனார்தனுக்குத் தெரியும், இப்போது கத்த வேண்டும் என்று. ஆனால் அவன் பார்த்தது தீப்பெட்டியை அல்ல, பையனின் அம்மா முகத்தை. பெண் பார்க்க வந்த வேளையில் விளக்கை ஏற்றாதே என்று எப்படிச் சொல்வது? உள்ளே குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. நமுத்த குச்சி, பிடிக்கவில்லை. பூமா இன்னொன்றை எடுத்தாள்.

"ஏத்தாதேடீ!"

கத்தியவர் கோபு. இருந்த மூச்சையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். பூமா தீப்பெட்டியை வீசிவிட்டுத் திரும்பினாள். வேஷ்டிக்குக் கீழே சிலிண்டர் தெரிந்தது. யாரையும் கேட்காமல் அதைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, எல்லோர் எதிரிலும் அப்பா மூக்கில் குழாயை வைத்தாள். கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. நல்லவேளையாக அது போதுமானதாக இருந்தது.

"பெரியவரைப் பாத்துக்கோங்கோ. லெட்டர் போடறோம்," என்று ராஜாமணி செருப்பை மாட்டிக்கொண்டார். போட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கார் போன பிறகு கோபு பேசினார். "மன்னிச்சுக்கோடா... உன்னைத் தலைகுனிய... வெச்சுட்டேன்."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பூமா சொஜ்ஜித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையிலேயே சுப்பராயன் கடையில் போய் நின்றான். பெரிய சிலிண்டரை வண்டியில் ஏற்றினார்கள். "போன தபா மாதிரி சாக்கு சுத்தட்டுமா சாமி?"

"வேண்டாம்."

பட்டப்பகலில் வண்டி சன்னிதித் தெருவுக்குள் திரும்பியது. எதிர்வீட்டுத் தாயாரம்மாள் திண்ணையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது என்னடா, யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு மாமி. மூச்சு விடறதுக்கு!"

தெருக்கோடி வரை கேட்டது. அவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது ஜனார்தனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாசலில் பூமா நின்றுகொண்டிருந்தாள்.

"நேத்திக்கு எங்கே போச்சு இந்தக் குரல்?" என்று கேட்டுவிட்டு, சிலிண்டர் உள்ளே வர வழி விட்டாள்.